மேடைச் சொற்கள்: புதிதாக நடிக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒரு நவீன நாடகக் குழுவின் ஒத்திகைக்கு முதல்முறையாகப் போகிறவருக்கு வசனத்தைவிட இயக்குநர் பேசும் மொழிதான் பயமுறுத்தும். "டவுன் வா, லெஃப்ட் கிராஸ், அவள் கியூவுக்கு அப்புறம் எக்ஸிட்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். நம் ஊர் ஒத்திகைகளில் புழங்கும் சொற்களில் முக்கால்வாசி ஆங்கிலச் சொற்கள். அவை எப்படிப் புழங்குகின்றனவோ அப்படியே இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்ய வேண்டாம். திசை, கியூ, பிளாக் அவுட், புராப்பர்ட்டி ஆகிய நான்கும் தெரியாவிட்டால் இன்னொருவருக்கு அடிபடும் அல்லது காட்சி நின்றுபோகும். அவற்றை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை பழகப் பழக வரும்.

ஸ்டேஜ் லெஃப்ட், ஸ்டேஜ் ரைட் என்றால் யாருடைய இடது, யாருடைய வலது?

நடிகருடையது. பார்வையாளரை நோக்கி நில்லுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் ஸ்டேஜ் ரைட், இடக்கைப் பக்கம் ஸ்டேஜ் லெஃப்ட். நீங்கள் திரும்பி நின்றாலும், படுத்துக் கிடந்தாலும் அது மாறாது. எதிரே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்குத்தான் எல்லாம் தலைகீழாகத் தெரியும், மாற்றிச் சொல்வது அவர் பொறுப்பு. சிலர் பார்வையாளர் பக்கத்திலிருந்து சொல்லுவார்கள், அப்போது 'ஹவுஸ் லெஃப்ட்', 'ஆடியன்ஸ் லெஃப்ட்' என்று தனியாகக் குறிப்பிடுவார்கள். வெறுமனே "லெஃப்ட்" என்று காதில் விழுந்தால் அது உங்களுடைய இடது என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமா, கேட்டுவிடுங்கள்.

மொட்டை மாடியில் ஒத்திகை நடக்கும்போது "தண்ணித் தொட்டி பக்கம் போ", "படிக்கட்டு பக்கம் வா" என்று சொல்லிப் பழகும் குழுக்கள் உண்டு. வசதிதான். ஆனால் அரங்கத்துக்குப் போன அன்று அங்கே தண்ணித் தொட்டி இருக்காது.

தரை சமமாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் அப் ஸ்டேஜ், டவுன் ஸ்டேஜ்?

பார்வையாளருக்கு அருகில் உள்ள முன்பகுதி டவுன் ஸ்டேஜ். பின்திரையை ஒட்டிய பகுதி அப் ஸ்டேஜ். ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டு முதல் மேடையைப் பின்னால் உயர்த்தி, முன்னால் சரிவாகக் கட்டும் வழக்கம் பரவியது. தூரக் காட்சி வரைந்த செட் நிஜம்போலத் தெரிவதற்காக அப்படிச் செய்தார்கள். இத்தாலியின் விசென்சா நகரில் 1585-இல் திறக்கப்பட்ட தியாத்ரோ ஒலிம்பிக்கோ அரங்கில், பின்னால் மேலேறிச் செல்லும் வீதிகள் கொண்ட அந்தக் காலத்துச் செட் இன்றும் இருக்கிறது. சரிவு மேடையில் பின்னால் போவது உண்மையிலேயே மேலே ஏறுவதுதான். பிற்காலத்தில் மேடை சமமாகி, அதற்குப் பதில் இருக்கைகள் சரிவாகின. பழைய பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மேடையை ஒன்பது கட்டமாகப் பிரிப்பார்களாமே?

ஆமாம். அப், சென்டர், டவுன் என்று மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் ரைட், நடு, லெஃப்ட். 'டவுன் ரைட்', 'அப் சென்டர்' என்றெல்லாம் சொல்வது இந்தக் கட்டங்களைத்தான். சிறிய மேடை என்றால் அப், டவுன் இரண்டு வரிசையே போதும், ஆறு கட்டம் ஆகிவிடும். தரையில் கோடு எதுவும் இருக்காது, கண்ணளவில் பழக வேண்டியதுதான். நாற்காலி, கட்டில் போன்றவை சரியாக எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் சின்னச் சின்ன டேப் துண்டுகளை ஒட்டுவார்கள். இருட்டில் தெரிவதற்கு ரேடியம் டேப்.

விங்ஸில் நின்றால் பார்வையாளருக்குத் தெரியாதுதானே?

மேடையின் இரு பக்கத்திலும் அடுக்கடுக்காகத் தொங்கும் துணி அல்லது தட்டிகளும், அவற்றுக்குப் பின்னால் நடிகர்கள் காத்திருக்கும் இடமும் விங்ஸ். 'சைடு' என்றும் சொல்வார்கள். அங்கே நிற்பதாலேயே மறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதல் வரிசையின் ஓரத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் விங்ஸுக்குள் நன்றாகவே தெரியும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: அங்கிருந்து ஒரு பார்வையாளரின் கண் உங்களுக்குத் தெரிகிறதா? அப்படியானால் அவருக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். ஒரு அடி பின்னால் போங்கள். துணியைத் தொடாதீர்கள், அது அசைந்தால் கவனம் அங்கே போய்விடும். செல்போனை அங்கே எடுக்கவே கூடாது. கறுப்புத் துணிக்கு நடுவில் அந்த வெளிச்சம் கடைசி வரிசை வரைக்கும் தெரியும்.

படுதா, திரை, சீன், சைக்: எல்லாம் ஒன்றா?

இல்லை. முன்னால் மூடித் திறப்பது முன்திரை, பழைய ஆட்களுக்கு அது படுதா. அரண்மனை, காடு, தெரு என்று ஓவியம் தீட்டித் தொங்கவிடும் துணியை 'சீன்' என்பார்கள். வரைந்த படுதாவும் பக்கத் தட்டிகளும் 19-ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் குழுக்கள் வழியாக இங்கே வேரூன்றியவை. நவாப் ராஜமாணிக்கமும் அவருக்குப் பிறகு ஆர்.எஸ். மனோகரும் காட்சியமைப்புக்காகவும் தந்திரக் காட்சிகளுக்காகவுமே பெயர் வாங்கினார்கள். சைக் என்பது சைக்ளோரமாவின் சுருக்கம். மேடையின் பின்னால் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிய வெளிர்நிறத் துணி அது. அதில் நீல விளக்கு விழுந்தால் வானம், சிவப்பு விழுந்தால் அந்தி. அதன் அருகே நடந்தால் உங்கள் நிழல் வானத்தில் விழும், ஆகவே தள்ளியே நடங்கள்.

திரையை வகை பிரித்துப் பேசுவது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மூன்று திரைகள் வருகின்றன: ஒரு பக்கத்திலிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. மேடையின் அளவும் அங்கேயே இருக்கிறது. 24 விரல் கொண்ட கோலால் அளந்தால் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல். நடிகராக எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வரும் ஏற்பாடு. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைத்தார்களாம். லைட் டிசைனர்கள் இன்றும் அதற்காகத்தான் ஏணியில் ஏறி இறங்குகிறார்கள்.

தெருக்கூத்துக்கும் வீதி நாடகத்துக்கும் இந்தத் திசைச் சொற்கள் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு பக்கம் மட்டும் திறந்த, படச்சட்டம் போட்டது போன்ற மேடைக்கானவை. அதற்குப் புரொசீனியம் என்று பெயர். மேடை முன்னால் நீண்டு மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்தால் அது த்ரஸ்ட். நான்கு பக்கமும் சூழ்ந்தால் அரீனா. அங்கே அப், டவுன் என்ற பேச்சே அர்த்தமற்றது, ஏனென்றால் ஒருவருக்கு முன்பக்கம் இன்னொருவருக்குப் பின்பக்கம். சில இயக்குநர்கள் கடிகார முகத்தை நினைத்துக்கொண்டு "மூன்று மணிக்குப் போ, அங்கிருந்து எட்டு மணிக்கு நட" என்பார்கள். வங்காள நாடக இயக்குநர் பாதல் சர்க்கார் வகுத்த பாணியில் வந்த வீதி நாடகக்காரர்களுக்கு வட்டம்தான் அளவு. நடிகர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், யாருக்கும் நீண்ட நேரம் முதுகு காட்டக் கூடாது.

தெருக்கூத்தில் களரிக்குப் பின்பக்கம் மேளம், முகவீணை, பின்பாட்டுக்காரர்கள். மற்ற மூன்று பக்கமும் ஊர் சனம். விங்ஸ் கிடையாது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னால் வேஷக்காரர் நின்று திரை விருத்தம் பாடுவார். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும், காலின் சலங்கை கீழே கேட்கும். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் "யார் வருவது?" என்று கேட்டுக் கேட்டு எதிர்பார்ப்பை ஏற்றுவான். ஒரு என்ட்ரியை இவ்வளவு நேரம் இழுத்து ரசிக்க வைக்கும் வித்தையைப் புரொசீனியம் நடிகர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரானைப் போன்ற கூத்துக் கலைஞர்களிடம் போனது சும்மா இல்லை.

பிளாக்கிங் என்றால் என்ன? அதை எப்படிக் குறித்து வைப்பது?

எந்த வசனத்தில் யார் எங்கே நிற்பார், எப்போது எங்கே நகர்வார் என்று இயக்குநர் தீர்மானிப்பதுதான் பிளாக்கிங். ஒருவர் இடம் விட்டு இடம் நகர்வது கிராஸ். அவர் நகர்ந்ததால் மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது போலத் தெரிந்தாலோ, அவருக்குப் பின்னால் நீங்கள் மறைந்துபோனாலோ, நீங்கள் எதிர்ப்பக்கம் ஓரிரு அடி வைத்துச் சரிசெய்வது கவுண்டர். கவுண்டரை யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள், தானாக வர வேண்டும். நடிகர் பழகியவரா புதியவரா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

குறிப்பதற்குப் பென்சில் மட்டும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் நாளை மாறும். வசனத்துக்கு நேரே ஓரத்தில் கிராஸுக்கு ஒரு பெருக்கல் குறி, திசைக்கு டா.ரை., அ.லெ. என்று சுருக்கம் எழுதினால் போதும். எந்தச் சொல்லில் நகரத் தொடங்குகிறீர்களோ அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். காட்சியின் முடிவில் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த ஒத்திகை நடுவிலிருந்து தொடங்கினால் அதுதான் காப்பாற்றும்.

டீ ஆற்றுவது, புடவை மடிப்பது, கண்ணாடியைத் துடைப்பது போன்ற சின்னச் செயல்களுக்கு 'பிசினஸ்' என்று பெயர். இது பெரும்பாலும் நடிகரின் சொத்து. நீங்கள் கண்டுபிடித்துக் காட்டலாம், இயக்குநர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

பார்வையாளருக்கு முதுகைக் காட்டவே கூடாதா?

காட்டலாம். தெரியாமல் காட்டக் கூடாது, அவ்வளவுதான். உடல் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதற்குச் சொற்கள் உண்டு. முழுவதும் முன்னால் பார்த்தால் ஃபுல் ஃபிரன்ட். அதிலிருந்து பாதி பக்கவாட்டில் திரும்பினால் குவார்ட்டர். முழுப் பக்கவாட்டு புரொஃபைல். அதற்கும் மேலே திரும்பி முகம் பெரும்பாலும் மறைந்தால் த்ரீ குவார்ட்டர். முழு முதுகு என்றால் ஃபுல் பேக். இருவர் பேசும் காட்சியில் நிஜ வாழ்க்கையைப் போல நேருக்கு நேர் நின்றால் இரண்டு பேருக்கும் பாதி முகம் போய்விடும். அதனால் இருவரும் குவார்ட்டரில் நின்று, ஒருவரையொருவர் பார்ப்பது போலவே இருந்தாலும் உடலைக் கொஞ்சம் வெளியே திறந்து வைப்பார்கள். "கொஞ்சம் சீட் பண்ணு" என்று இயக்குநர் சொன்னால் இதைத்தான் கேட்கிறார், யாரையும் ஏமாற்றச் சொல்லவில்லை.

இதோடு வரும் சின்னப் பழக்கங்கள் இரண்டு. கையை நீட்டிக் காட்டும்போது அப் ஸ்டேஜ் பக்கத்துக் கையை நீட்டுங்கள், மற்றக் கை முகத்தை மறைத்துவிடும். மண்டியிடும்போது டவுன் ஸ்டேஜ் பக்கத்து முழங்காலைத் தரையில் வையுங்கள், உடல் திறந்திருக்கும்.

'அப்ஸ்டேஜ் பண்ணிட்டான்' என்று திட்டுகிறார்களே?

பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் கூட்டாளி மெல்ல மெல்லப் பின்னால் போகிறார் என்று வையுங்கள். அவரைப் பார்த்துப் பேச நீங்கள் திரும்ப வேண்டும். உங்கள் முதுகு பார்வையாளருக்கு, அவர் முகம் பார்வையாளருக்கு. இதுதான் அப்ஸ்டேஜ் பண்ணுவது. மற்றவர் உருக்கமாகப் பேசும்போது பின்னால் நின்று துண்டை உதறுவது, ஈ ஓட்டுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். பெரும்பாலானவர்கள் தெரியாமலே செய்கிறார்கள். தெரிந்தே செய்பவர்களோடு அடுத்த நாடகத்தில் நடிக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

கியூ என்பது வசனத்தின் கடைசிச் சொல்தானா?

அதுவும் கியூதான். ஆனால் கதவு சாத்தும் சத்தம், விளக்கு மங்குவது, ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவது எல்லாமே கியூ ஆகலாம். "எனக்கு வசனம் தெரியும்" என்று சொல்லும் புதியவர்களில் பலருக்குத் தங்கள் வசனம் மட்டுமே தெரியும், அதற்கு முந்தைய வசனம் தெரியாது. அது பாதிப் பாடம்தான்.

இன்னொன்று, கியூவின் கடைசி எழுத்து விழுந்த பிறகு மூச்சை இழுத்தால் தாமதமாகிவிடும். அடுத்தவர் கடைசிச் சொல்லைச் சொல்லும்போதே மூச்சை எடுத்திருக்க வேண்டும். நாடகம் 'இழுக்கிறது' என்று விமர்சனம் வந்தால் பாதி நேரம் காரணம் இந்த இடைவெளிகள்தான்.

லைட், சவுண்ட் ஆட்களுக்கும் கியூ உண்டு. ஸ்டேஜ் மேனேஜர் "ஸ்டாண்ட்பை" என்றால் தயாராகு, "கோ" என்றால் செய். அதனால் ஹெட்செட்டில் பேசும்போது வேறு எதற்கும் "கோ" என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள்.

வசனம் மறந்துவிட்டால்?

ஒத்திகையில் என்றால் பாத்திரத்திலிருந்து வெளியே வராமல் "லைன்" என்று கேளுங்கள், பிராம்ப்டர் எடுத்துக் கொடுப்பார். மன்னிப்புக் கேட்பது, தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் நேர விரயம். நாடக அன்று, நின்ற இடத்திலேயே இருந்து கூட்டாளியைப் பாருங்கள், அவர் ஒரு கேள்வி போட்டு உங்களை மீட்பார். சபா நாடகங்களில் விங்ஸிலிருந்து பிராம்ப்ட் செய்வது சகஜமாக இருந்தது. நவீன நாடகக் குழுக்களில் நாடக அன்று பிராம்ப்டர் பெரும்பாலும் இருக்க மாட்டார்.

சமாளிப்பது வேறு, சொந்தச் சரக்கு விடுவது வேறு. கைதட்டல் கிடைத்தது என்பதற்காக எழுதாத ஜோக்கைச் சேர்த்தால் அடுத்தவரின் கியூ காணாமல் போகும்.

ரீடிங், ரன் த்ரூ, டெக், கிராண்ட்: ஒத்திகையில் எத்தனை வகை?

உட்கார்ந்து பிரதியைப் படிப்பது ரீடிங். நிறுத்தாமல் ஓட்டுவது ரன் த்ரூ. டெக் ரிகர்சல் என்பது லைட், சவுண்ட் ஆட்களுக்கானது. அதிலும் 'கியூ டு கியூ' என்றால் நடு வசனத்தையெல்லாம் தாண்டி, விளக்கு மாறும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வார்கள். நடிகருக்கு இதைப் போலச் சலிப்பானது வேறில்லை. ஒரு புத்தகம் கொண்டு போங்கள், ஆனால் கூப்பிட்ட நொடியில் உங்கள் இடத்தில் நில்லுங்கள், ஏனென்றால் விளக்கை உங்கள் முகத்தில்தான் அளக்கிறார்கள். உடை, ஒப்பனை எல்லாவற்றோடும் நாடகம் போலவே நடத்துவது கிராண்ட் ரிகர்சல்.

இதெல்லாம் இல்லாமலும் நாடகம் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியாக அமர்த்தப்பட்டு அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. பாட்டும் கதையும் தர்க்கமும் எல்லோருக்கும் பாடமாக இருப்பதால் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒத்திகையைத் தவிர்க்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம், அவர்களுக்குப் பின்னால் பல வருடப் பாடம் இருக்கிறது.

லைட் பற்றி நடிகருக்கு என்ன தெரிய வேண்டும்?

ஃபேட் இன் என்றால் மெல்ல ஏறுவது, ஃபேட் அவுட் மெல்ல இறங்குவது, பிளாக் அவுட் சட்டென்று முழு இருட்டு. பிளாக் அவுட் ஆனவுடன் ஓடாதீர்கள். கண் பழக இரண்டு மூன்று நொடி எடுக்கும். அதற்குள் ஓடினால் மேசைக் காலில் இடிப்பது உறுதி. வெளிச்சம் போகும் முன்பே ஒரு கண்ணை மூடி வைத்துக்கொண்டு, இருட்டானதும் திறப்பது பழைய தந்திரம், வேலை செய்யும். ஃப்ரீஸ் என்றால் அசையாமல் உறைவது. மூச்சு விடலாம்.

ஸ்பாட்டின் நடுவில் நிற்பதற்கு முன்பெல்லாம் முகத்தில் படும் சூடே போதும். இப்போது எல்இடி விளக்குகளில் அந்தச் சூடு முகத்துக்கு வருவதில்லை. விளக்கை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்து, அதன் முழு வட்டமும் கண்ணில் அடிக்கிறதா என்று டெக் ரிகர்சலிலேயே பார்த்து, தரையில் ஓர் அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புராப்பர்ட்டியை யார் பார்த்துக்கொள்வது?

மேடையில் கையாளும் எந்தப் பொருளும் புராப்பர்ட்டி, சுருக்கமாக புராப்ஸ். விங்ஸில் அதற்கென்று ஒரு மேசை இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் டேப் ஒட்டிப் பெயர் எழுதிய கட்டம் இருக்கும். எடுத்ததைத் திரும்ப அதே கட்டத்தில் வைக்க வேண்டும். அடுத்தவர் புராப்ஸைத் தொடக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. கட்டம் காலி என்றால் காட்சி தொடங்கும் முன்பே தெரிந்துவிடும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அருமை. பொறுப்பாளர் ஒருவர் இருந்தாலும் நாடகத்துக்கு முன் உங்கள் பொருளை நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள். கடிதம் உறைக்குள் இருக்கிறதா, தீப்பெட்டியில் குச்சி இருக்கிறதா என்பது வரைக்கும்.

நாடகம் தொடங்கிய பிறகு யார் சொல்வதைக் கேட்க வேண்டும்? இயக்குநரா, ஸ்டேஜ் மேனேஜரா?

ஸ்டேஜ் மேனேஜர். திரை விலகிய பிறகு இயக்குநரும் ஒரு பார்வையாளர்தான். முதல் மணி அடித்தால் கிரீன் ரூமில் எல்லோரும் தயாராக இருக்க வேண்டும். இரண்டாம் மணிக்கு முதல் காட்சிக்காரர்கள் இடத்தில் நிற்க வேண்டும். மூன்றாம் மணி அடித்தால் நாடகம் தொடங்கிவிட்டது என்று பொருள். அவர் எதையாவது சொன்னால் "சரி" என்று வாய் திறந்து பதில் சொல்லுங்கள். தலையாட்டினால் இருட்டில் தெரியாது.

நான்காவது சுவர்?

மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும் சுவர். பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோ 1758-இலேயே, மேடை விளிம்பில் ஒரு பெரிய சுவர் இருப்பதாக நினைத்து நடியுங்கள் என்று எழுதினார். வீட்டுக்குள் நடக்கும் எதார்த்த நாடகத்துக்கு இது உதவும். கட்டியங்காரனுக்கும் பபூனுக்கும் அப்படி ஒரு சுவரே கிடையாது, அவர்கள் முன்வரிசைக்காரரிடம் பேசிவிட்டு ராஜாவிடம் திரும்புவார்கள். உங்கள் நாடகம் இதில் எந்த வகை என்று முதல் ரீடிங்கிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியில் வணங்கிவிட்டால் வேலை முடிந்ததா?

கர்ட்டன் கால் என்ற அந்த வணக்கத்தையும் ஒத்திகை பார்ப்பார்கள். யார் முதலில் வருவது, யாரைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து குனிவது என்று முடிவாகியிருக்கும். கூட்டத்தில் அம்மா அப்பா தெரிந்தாலும் கையசைக்க வேண்டாம், வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கப்புறம்தான் ஸ்டிரைக். செட்டைப் பிரிப்பது, டேப்பை உரிப்பது, உடைகளை எண்ணி மூட்டை கட்டுவது. சின்னக் குழுக்களில் இதற்குத் தனி ஆள் கிடையாது, கதாநாயகனும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அரங்கத்து வாடகை நேரம் முடிந்தால் வாட்ச்மேன் சாவியோடு வந்து நிற்பார், அதனால் ஒப்பனையைக் கலைத்துவிட்டுச் சீக்கிரம் வாருங்கள்.